வெல்லம் போகிற வழியில் கல்தூசி போவதில்லை

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் வீட்டுக்காரர் ஓசூரில் கட்டடங்களுக்கு கிரானைட் அறுக்கிறார். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வார், தூசி போகட்டும் என்று சாயங்காலம் ஒரு கட்டி வெல்லம் தின்பார். போதுமா?"

போதாதுங்க. வெல்லம் இரைப்பைக்குப் போகிறது. ஆபத்தான தூசி நுரையீரலின் அடியில் உட்கார்ந்திருக்கிறது.

கிரானைட்டில் பொதுவாகக் கால் பங்கு, அதற்கு மேலும்கூட, குவார்ட்ஸ் இருக்கும். அது படிகச் சிலிக்கா. சட்டையில் வெள்ளையாகப் படிகிற பொடி பெரிது. மூக்கும் சளியுமே அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். 5 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ளதுதான் காற்றுப்பைகள் வரை இறங்கும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், துண்டின் நூலிடைவெளி இதற்கு எவ்வளவு பெரிய வாசல்! அசையாத காற்றிலும் 2 மைக்ரான் துகள் முகத்து உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெஷினை நிறுத்திவிட்டுத் துண்டை அவிழ்த்து டீ குடிக்கும்போதும் அது அங்கேயே மிதக்கிறது.

சரி, உள்ளே போனபின்? காற்றுப்பைகளில் மேக்ரோபேஜ் என்ற காவல் செல்கள் உண்டு. கிருமி வந்தால் விழுங்கி, உள்ளே ஒரு பைக்குள் அடைத்து, அமிலமும் நொதிகளும் ஊற்றிச் செரித்துவிடும். எத்தனை நேர்த்தியான ஏற்பாடு! சிலிக்காவையும் அப்படியே விழுங்குகிறது. ஆனால் கல் செரிக்காது. புதிதாக உடைந்த அதன் பரப்பு அந்தப் பையின் சவ்வைச் சிதைக்க, நொதிகள் செல்லுக்குள்ளேயே கசிகின்றன. செல் அபாயச் செய்தி அனுப்பிவிட்டுச் சாகிறது. துகள் முழுசாக வெளியே வருகிறது. அடுத்த செல் வந்து அதையே விழுங்குகிறது. அப்புறம் இன்னொன்று. வேலையை விட்ட பிறகும் இந்தச் சுற்று ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் தழும்பு நார் சேர்ந்து நுரையீரல் விறைக்கிறது. இதுதான் சிலிக்கோசிஸ். தழும்பை அழிக்க மருந்தில்லை; காசநோயும் எளிதில் தொற்றும்.

தடுப்பது எளிது: பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் விழவேண்டும். தூசி பறக்குமுன் சேறாகிவிடும். அதற்கென்றே தண்ணீர்க் குழாய் வைத்த மெஷின் வேண்டும், மின் லைனில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், வேண்டும். சேறு காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். காய்ந்தபின் பெருக்கினால் மறுபடி தூசிதான். துண்டுக்குப் பதில் முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 மாஸ்க்.

இந்தச் செலவு ஒப்பந்தக்காரருடையது. பர்கூர் பக்கத்துக் கல் பட்டறைகளிலும் ஓசூர் கட்டடங்களிலும் தூசியை அளக்கும் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் வீட்டுக்காரரை இந்த வாரமே நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை டாக்டரிடம் அவர் முதலிலேயே சொல்லட்டும்.