கவனக்குறைவா, பராக்கா? ஏ.டி.எச்.டி.க்கு ஒரு தமிழ்ச் சொல்

தேர்ச்சி அறிக்கையில் "கவனக்குறைவு" என்று எழுதியிருந்தால் கிளிநொச்சியில் ஒரு தகப்பன் என்ன நினைப்பார்? பிள்ளைக்குப் பொறுப்பில்லை என்றுதான். விபத்துச் செய்தியிலும் அதே சொல்தான் வருகிறது: சாரதியின் கவனக்குறைவு. ஆகவே ஏ.டி.எச்.டி.யை, அதாவது கவனம் ஓரிடத்தில் நில்லாமலும் அளவுக்கு மீறித் துறுதுறுவென்றும் இருக்கிற நிலையை, "கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு" என்று எழுதும்போது பெயரோடு ஒரு குற்றப்பத்திரிகையும் சேர்ந்துவிடுகிறது.

இந்தப் பழி மேற்கிலும் இருந்தது. 1902இல் இலண்டன் மருத்துவர் ஜோர்ஜ் ஸ்டில் இத்தகைய பிள்ளைகளிடம் ஒழுக்கக் கட்டுப்பாடு குறைவு என்றார். 1968இல் அமெரிக்க உளமருத்துவக் கையேடு மிகையியக்கத்தைப் பெயராக்கியது. 1980இல் கவனம் முன்னுக்கு வந்தது, 1987இல் இரண்டும் இணைந்து 'அட்டென்ஷன் டெஃபிசிட் ஹைப்பர்அக்டிவிட்டி டிஸோர்டர்' என்ற இன்றைய ஆங்கிலப் பெயர் பிறந்தது. அதிலுள்ள 'டெஃபிசிட்' இலத்தீனில் 'குறைகிறது' என்று பொருள்படும் வினைச்சொல்.

உண்மையில் குறைவது கவனமா? கணக்குக் கொப்பியின் முன் பத்து நிமிடம் இருக்க முடியாத பையன், சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவதென்றால் சாப்பாட்டையும் மறப்பான். குளத்தில் தண்ணீர் இருக்கிறது. துருசுதான் வேண்டிய நேரத்தில் திறப்பதில்லை, திறந்தால் மூடுவதுமில்லை. இன்றைய ஆய்வாளர் பலர் இதைக் கவனத்தை நெறிப்படுத்துவதில் உள்ள சிக்கலாகவே பார்க்கிறார்கள். இரட்டையர் ஆய்வுகள் இதில் மரபின் பங்கு ஏறத்தாழ 74 சதவீதம் என்கின்றன. வளர்ப்புச் சரியில்லை என்று தாயைத் திட்டுகிற உறவினர்கள் கவனிக்க.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். அமெரிக்காவில் 1990களில் தொடங்கிய ஓர் ஆய்வு 579 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. பதினாறு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், முற்றாக விடுபட்டு அப்படியே இருந்தவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரும்பாலானோருக்கு அது தணிந்தும் திரும்பியும் வந்தது. ஓட்டம் அடங்கும், உள்ளே அமைதியின்மையும் மறதியும் தங்கும்.

இதைக் காட்டித்தர இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ இல்லை. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். வளர்ந்தவரிடம் பன்னிரண்டு வயதுக்கு முன் எப்படி இருந்தார் என்றும் கேட்பார்கள். வன்னியில் இந்தக் கேள்விதான் இடறுகிறது. 2009இல் ஒன்பது வயதாக இருந்தவரின் அந்த ஆண்டுகள் பதுங்குகுழியிலும் முகாமிலும் கழிந்தவை. தேர்ச்சி அறிக்கைகள் இடப்பெயர்வில் போய்விட்டன. நித்திரையின்மை, திடுக்கிடல், மனம் ஓரிடத்தில் நில்லாமை ஆகியவற்றைப் போரின் வடுவும் தரும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கவும் கூடும். அவசரப்பட்டு ஒரு பெயரை ஒட்டுவது இங்கே கூடுதல் ஆபத்து.

சிகிச்சையில், சிறு பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சி. பள்ளி வயதிலும் பிறகும் தேவைப்பட்டால் மருத்துவர் கண்காணிப்பில் மெதில்பெனிடேட் போன்ற மருந்து. 1944இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட மருந்து அது.

இனிச் சொல்லுக்கு வருவோம். நம் வீடுகளில் ஏற்கெனவே ஒன்று உண்டு: பராக்கு. "பராக்குப் பார்க்காதே" என்று ஏச்சு வாங்காத பிள்ளை ஏது? கவனம் வேறு பக்கம் திரும்பியிருப்பதுதான் பராக்கு. வேடிக்கை என்னவென்றால், அரசன் வரும்போது "பராக்! பராக்!" என்று கட்டியக்காரன் கூவியது கவனியுங்கள் என்பதற்காக. ஒரே ஒலி கவனத்துக்கும் கவனமின்மைக்கும்! ஆனாலும் பராக்கில் மிகையியக்கம் அடங்காது. "குழப்படி" என்றால் மறுபடியும் பழி.

அவதானம் நமக்குப் பழகிய சொல். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கும்போதெல்லாம் தாழ்நிலத்தார் அவதானமாக இருக்கும்படி அறிவிப்பார்கள். ஒரே நேரத்தில் பல பக்கம் மனம் செலுத்துவதையும் அச்சொல்லே குறித்தது, மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி, அதாவது ஒரே நேரத்தில் நூறு விடயங்களில் மனம் செலுத்துபவர், என்றே போற்றப்பட்டார். குறைவு என்ற தீர்ப்பை நீக்கி "அவதானச் சீரின்மையும் மிகையியக்கமும்" என்று எழுதலாம் என்பது என் கட்சி. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். கிளினிக் கொப்பியில் அப்படி எழுதிவிட்டு, தாயிடம் பேசும்போது பராக்கு என்றே தொடங்கலாம். அவருக்கு அது உடனே விளங்கும்.