போர்ப் பதற்றம்: எது பதற்றம், எது முறுகல்?

"எல்லையில் போர்ப் பதற்றம்." "இரு நாடுகளிடையே பதற்றம் அதிகரிப்பு." "பதற்றம் தணிந்தது." பக்கத்தில் எங்காவது பீரங்கி முழங்கத் தொடங்கினால் போதும், இந்தத் தொடர்கள் வரிசைகட்டி வந்துவிடும். பதற்றம் என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது, பதட்டம் என்று எழுதலாமா, டென்ஷன் என்பதற்கு இதுதான் சரியான தமிழா? இதில் எனக்கு ஒரு கட்சி உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு அரசுகளுக்கு நடுவே வருவது வேறு, மனிதர் நெஞ்சுக்குள் வருவது வேறு. இரண்டுக்கும் நாம் ஒரே பெயரை வைத்திருக்கிறோம். போர்க்காலத்தில் அதன் விலையைக் கொடுப்பவர்கள் செய்தி படிக்கும் சாதாரண மக்கள்.

பதறு என்பது வினைச்சொல். நிலைகொள்ளாமல் துடித்தல், நடுங்குதல் என்பது ஒரு பொருள். அவசரப்படுதல், முன்பின் பாராமல் ஒன்றில் இறங்குதல் என்பது இன்னொரு பொருள். இந்த இரண்டாவது பொருளை இன்றைக்குப் பலர் மறந்துவிட்டார்கள். ஆனால் "பதறாத காரியம் சிதறாது" என்ற பழமொழியில் அதுதான் இருக்கிறது. அங்கே பதறுதல் என்பது பயப்படுவதைவிட அவசரப்படுவதையே குறிக்கிறது. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் விசாரிக்காமல் கட்டளையிடும் இடத்தில் இளங்கோ அவனைத் "தேரான் ஆகி" என்கிறார். கண்ணகியும் "தேரா மன்னா" என்றுதான் தொடங்குகிறாள். தேர்தல் என்றால் ஆராய்தல். ஆராயாமல் செய்த ஒரு பதற்றத்துக்குத் தன் ஊரையே கொடுத்த கதை நம்முடையது.

பதறு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய சொல் பதை. பதைபதைப்பு அதிலிருந்து வந்தது. இரண்டுமே உடம்பில் நிகழ்பவை: நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும், வாய் உலரும். பதறுவதற்கு உயிருள்ள ஓர் உடம்பு வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, பதற்றமா பதட்டமா? சீறு சீற்றம் ஆகிறது, ஏறு ஏற்றம் ஆகிறது, மாறு மாற்றம், தடுமாறு தடுமாற்றம். று என்று முடியும் வினை இப்படித்தான் ற்ற என்று இரட்டித்துப் பெயராகும். ஆகவே பதறு பதற்றம் ஆகும். ட்டம் வர வேண்டுமென்றால் வினை டு என்று முடிய வேண்டும்: ஓடு ஓட்டம், ஆடு ஆட்டம், வாடு வாட்டம். பதடு என்று ஒரு வினை தமிழில் இல்லை. எனவே எழுத்தில் பதற்றமே சரி. பேச்சில் பதட்டம் என்று சொல்வதை நான் திருத்தப் போவதில்லை. காற்றைக் காத்து என்றும் நேற்றை நேத்து என்றும் சொல்லும் நம் நாக்கு இதைப் பதத்தம் என்று ஆக்காமல் பதட்டம் என்று ஆக்கியிருப்பது வியப்புத்தான்; ஓட்டம், ஆட்டம் ஆகியவற்றின் சாயல் ஏறியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பதடி என்று ஒரு பழைய சொல் இருக்கிறது, பதர் என்று பொருள். "பயனில்சொல் பாராட்டு வானை மகன்எனல் மக்கட் பதடி யெனல்" என்கிறது குறள். பதட்டத்துக்கும் பதடிக்கும் உறவில்லை. ஆனாலும் போர் நாட்களில் கைப்பேசியில் வந்ததையெல்லாம் அடுத்தவருக்குத் தள்ளிவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குறள் நினைவுக்கு வருகிறது.

பீதி என்ற சொல்லும் அடிக்கடி வரும். அது வடமொழி. தமிழில் அச்சம், வெருட்சி என்று தாராளமாகச் சொல்லலாம். அச்சத்துக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. பே, நாம், உரும் என்று மூன்று சொற்களைத் தொல்காப்பிய உரியியல் அச்சப் பொருளில் தருகிறது. "நாமநீர் வேலி" என்று சிலப்பதிகாரம் கடலைச் சொல்வது அந்த நாம்-ஐ வைத்துத்தான். அச்சம் தரும் நீர். அதே நூலின் மெய்ப்பாட்டியலோ அச்சம் எவற்றால் வரும் என்று எண்ணிக் காட்டுகிறது: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." தெய்வம், விலங்கு, திருடர், அரசன். போர் இந்தப் பட்டியலில் இல்லை. போரை வீரத்தின் களமாகவே பாடிய காலம் அது. இருந்தாலும் போருக்கு வெளியே நிற்கும் மக்களை அந்தக் காலமும் மறக்கவில்லை. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று 9ஆம் பாட்டு, பசுக்களும் அந்தணரும் பெண்களும் நோயாளிகளும் பிள்ளை பெறாதவர்களும் கேட்க முன்கூட்டியே அறிவிப்பதாக வருகிறது: "எம்அம்பு கடிவிடுதும் நும்அரண் சேர்மின்." அம்பு விடப் போகிறோம், உங்கள் காப்பிடத்துக்குப் போய்விடுங்கள். பதற வைக்காமல், என்ன வரப்போகிறது, என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் அறிவிப்பு. போர் எச்சரிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

2025 மே மாதத்துக்கு வருவோம். ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகளால் 26 பேர் கொல்லப்பட்டதற்குப் பிறகு நாடே கொதித்துக்கொண்டிருந்தது. மே 7 அதிகாலையில் பாகிஸ்தான் மீது இந்தியா நடத்திய தாக்குதல், ஆபரேஷன் சிந்தூர். அதே நாளில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் போர்க்கால ஒத்திகை. மதுரையிலோ சித்திரைத் திருவிழா. முந்தின நாள்தான் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் முடிந்திருந்தது. மே 7 மாலை திக்கு விஜயம். அம்மன் எட்டுத் திசைக் காவலர்களையும் போரிட்டு வெல்லப் புறப்படும் நாள். மறுநாள் திருக்கல்யாணம், அதற்கு மறுநாள் தேர். மாசி வீதிகளில் கூட்டம் நெரிய, எல்லார் வாயிலும் போர்ப் பேச்சு.

டீக்கடை பெஞ்சில் ஒருவர், "இந்தத் தடவ ஒரேயடியா முடிச்சிரணும்ணே, விட்டா திரும்ப வருவான்" என்றார். எதிரே இருந்த பெரியவர் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. "முடிக்கப் போறது நீயா நானா? போறது நம்ம ஊர்ப் பிள்ளைக. ஒங்க தெருவுலயே ரெண்டு பேரு இருக்கான்ல?" என்றார். அதற்கு அவரிடம் பதில் இருந்தது, பெரியவரிடமும் மறு பதில் இருந்தது. அந்த வாதத்தில் கோபம் இருந்தது, நியாயமும் இரு பக்கமும் இருந்தது. ஆனால் இருவருமே பதறவில்லை.

பதறியதை நான் பார்த்தது கோயில் பக்கம் மல்லிகை கட்டி விற்கும் ஓர் அக்காவிடம். மகன் ராணுவத்தில், ஜம்முப் பக்கம். கை நாரைச் சுற்றுகிறது, கண்ணி விழாமல் பூ உதிர்கிறது, மறுபடி சுற்றுகிறது. கண்ணை மூடிக்கொண்டே முழம் முழமாகக் கட்டக்கூடிய கை அது. "ராத்திரி பேசுனான், நல்லாருக்கேன்னான். அப்பறம் போன் போகல. டிவியப் போட்டா சங்கு ஊதுறானுக தம்பி, நெஞ்சு பக்கு பக்குங்குது. அமத்திட்டேன்" என்றார்.

சங்கு என்று அவர் சொன்னது சைரனை. ஆலைச் சங்குக்கு எழுந்து, ஆலைச் சங்குக்குச் சாப்பிட்ட ஊர் இது. சைரனுக்குத் தனியாக ஒரு தமிழ்ச்சொல் தேட வேண்டியதில்லை. அந்த நாட்களில் பல செய்தித் தொலைக்காட்சிகள் வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கைப் பின்னணி இசைபோல ஓட்டிக்கொண்டிருந்தன. நிகழ்ச்சிகளில் அந்த ஒலியைச் சேர்க்க வேண்டாம், பழகிப்போனால் நிஜமான சங்கு ஊதும்போது மக்கள் அதைத் தொலைக்காட்சிச் சத்தம் என்று இருந்துவிடுவார்கள் என்று ஒன்றிய அரசின் குடிமைப் பாதுகாப்பு இயக்குநரகமே அறிவுறுத்த வேண்டி வந்தது. கராச்சித் துறைமுகம் தகர்க்கப்பட்டது என்று இல்லாத செய்தியைச் சில தொலைக்காட்சிகள் விடிய விடியச் சொன்னதும் அதே வாரத்தில்தான். அந்த அக்கா கேட்டது இந்தச் சங்கு, படித்தது "பதற்றம் உச்சம்" என்ற தலைப்பு. இரண்டிலும் அவருக்குத் தேவையான தகவல் ஒன்றும் இல்லை. நடுங்கிக்கொண்டிருப்பவரிடம் நடுங்கு என்று சொல்வதுபோல் இருந்தது.

இந்தக் குழப்பத்தின் வேர் டென்ஷன். ஆங்கிலம் அதை லத்தீனிலிருந்து எடுத்தது. அங்கே வேர்ப்பொருள் இழுத்தல், நீட்டுதல். கயிற்றுக்கும் தோலுக்கும் சொன்னது பிறகு மனத்துக்கும் அரசுகளின் உறவுக்கும் ஏறியது. நம் பள்ளிப் புத்தகத்தில் இயற்பியல் பாடம் இதை இழுவிசை என்று சரியாகவே வைத்திருக்கிறது. பரப்பு இழுவிசை என்று எல்லாரும் படித்திருப்போம். செய்தி மொழிபெயர்ப்பில் வந்தபோதுதான், நாடுகளின் டென்ஷனுக்கும் ஆளின் டென்ஷனுக்கும் சேர்த்துப் பதற்றம் என்று போட்டுவிட்டோம். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிகூடப் பதற்றமானதாகிவிடுகிறது. பதற உடம்பு வேண்டும் என்று சொன்னேன். நாட்டுக்கும் எல்லைக்கோட்டுக்கும் வாக்குச்சாவடிக்கும் உடம்பு இல்லை.

அப்படியானால் நாடுகளுக்கு நடுவே வருவதற்கு என்ன சொல்? புதிதாக ஆக்க வேண்டியதில்லை. ஈழத்தமிழர்கள் நெடுங்காலமாகப் புழங்கும் சொல் இருக்கிறது: முறுகல், முறுகல் நிலை. இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் "இரு தரப்புக்கும் இடையே முறுகல்" என்பது அன்றாடத் தொடர். கண் முன்னால் போரைப் பார்த்தவர்கள் அவர்கள். துப்பாக்கி வெடிக்காத, ஆனால் எந்த நேரமும் வெடிக்கக்கூடிய நாட்களையும், வெடித்த நாட்களையும் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை நம்மைவிட அவர்களுக்கு அதிகம் இருந்தது. 1983க்குப் பிறகு ராமேசுவரம் பக்கத்து மண்டபம் வழியாக வந்து, மதுரை மாவட்டத்தில் ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி அகதி முகாம்களில் குடியிருப்போர் அவர்களில் இருக்கிறார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. பக்கத்திலேயே நாற்பது ஆண்டு வாழ்ந்தவர்களிடமிருந்து இந்த ஒரு சொல்லை நாம் வாங்கிக்கொள்ளாமல் விட்டது எனக்கு வருத்தம்தான்.

முறுகு என்றால் முறுக்கேறுதல், இறுகுதல். முறுக்கு, முறுக்கம் எல்லாம் அதன் உறவினர்கள். அப்பர் தேவாரத்தில் "உறவுகோல் நட்டு உணர்வுக் கயிற்றினால் முறுக வாங்கிக் கடைய முன்நிற்குமே" என்று வருகிறது. கயிற்றை இறுக இழுத்துக் கடைவதற்கு "முறுக வாங்கி" என்கிறார். லத்தீன்காரர் இழுவையில் தொடங்கிய இடத்துக்கே தமிழும் தன் வழியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. தேர் கிளம்புவதற்கு முன் மாசி வீதியில் வடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் கை பிடித்து இழுக்க, தேர் இன்னும் அசையாது, வடம் மட்டும் விறைத்து நிற்கும். நாடுகளின் முறுகல் அந்த வடத்தில் இருப்பது. ஓரத்தில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர் நெஞ்சில் இருப்பது வேறு.

முறுகல் என்றால் நம் ஊரில் தோசைதானே, முறுகலாக ஒன்று போடுங்கள் என்கிறோமே என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். தோசைக்குச் சொல்வதும் இறுகி விறைத்த பதத்தைத்தான், பொருள் மாறவில்லை. "இந்தியா–பாகிஸ்தான் முறுகல்" என்று படிக்கும் யாருக்கும் தோசை நினைவு நிற்கப் போவதில்லை. இரண்டு வாரம் தலைப்பில் வந்தால் பழகிவிடும். அகதிக்கு ஏதிலி என்று எழுதத் தொடங்கியபோதும் முதலில் இப்படித்தான் கேட்டார்கள்.

ஆளுக்கு வரும் டென்ஷனுக்கு எப்போதும் பதற்றமே பொருந்தும் என்றும் இல்லை. தேர்வுக்கு முன் வருவது படபடப்பு. வேலைப்பளுவால் வருவது மனஅழுத்தம். சண்டைக்கு நிற்பவரிடம் "டென்ஷன் ஆகாதீங்க" என்றால் அங்கே அது கோபம், கொதிப்பு. பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாத தாய்க்கு வருவதுதான் பதற்றம், பதைபதைப்பு. பேச்சில் "பக்கு பக்குங்குது", "வயித்தக் கலக்குது", "ஈரக்குல நடுங்குது" என்று எத்தனையோ இருக்கின்றன. இவற்றை எழுத்துக்குக் கொண்டுவருவதில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு சொற்களோடும் சேரும் வினைகளும் வேறு. முறுகல் ஏறும், இறுகும், தளரும். பதற்றம் பற்றும், பரவும், தணியும். அரசுகள் பேசி முடிவெடுத்தால் முறுகல் ஒரு மாலையில் தளர்ந்துவிடும். 2025 மே 10 மாலை 5 மணிக்கு அப்படித்தான் சண்டை நிறுத்தம் வந்தது. குண்டுவீச்சில் வீடும் உறவும் இழந்த, ஜம்மு எல்லையோரப் பூஞ்ச் மக்களுக்கு அந்த மாலையில் எதுவும் தணிந்திருக்க வழியில்லை. மறுநாள் காலைத் தலைப்பு "முறுகல் தளர்ந்தது, பூஞ்ச் மக்களின் பதற்றம் தணியவில்லை" என்று வந்திருந்தால், படித்தவருக்கு இரண்டு செய்தியும் கிடைத்திருக்கும்.