நண்டூருது, நரியூருது: பிள்ளையின் மூளைக்குள் என்ன நடக்கிறது?

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி என்று எந்தக் கரையூருக்குப் போனாலும் இந்த விளையாட்டைப் பார்க்கலாம். எட்டு மாதப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையை விரித்து, முழங்கையால் அதில் பருப்பு கடைவாள் அப்பத்தா. ஒவ்வொரு விரலாகப் பிடித்து வீட்டில் ஒவ்வொருவருக்கும் சோறு வைப்பாள். கடைசியில் தன் இரண்டு விரல்களையும் நடக்க விட்டு, "நண்டூருது, நரியூருது" என்று மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை ஏறுவாள்.

அப்போது பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். முதன்முதலாக விளையாடும்போது அக்குளில் விரல் பட்ட பிறகுதான் சிரிக்கும். சில நாள் போனால், விரல் முழங்கையைத் தாண்டும் முன்பே தோள் குறுகும், மூச்சு ஒரு கணம் நிற்கும், சிரிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும். அந்த முந்திய சிரிப்புதான் இங்கே விஷயம். அடுத்து என்ன வரும் என்று மூளை கணித்துவிட்டது. அப்பத்தா வேண்டுமென்றே முழங்கையில் நண்டை நிறுத்தினால், பிள்ளை அவள் விரலை விட்டுவிட்டு அவள் கண்ணைப் பார்க்கும். "ஏன் நின்னுட்டே?" என்ற கேள்வி அது, இன்னும் சொல் வராத வயதில்.

பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. முதல் சில ஆண்டுகளில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இணைப்புகள் உருவாகின்றன என்கிறது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம். உருவாகும் எல்லாமே நிலைப்பதில்லை. திரும்பத் திரும்பப் பயன்படுபவை உறுதிப்படும், பயன்படாதவை கழிந்துபோகும். எது நிலைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, பிள்ளை ஒன்று செய்யும்போது எதிரில் இருப்பவர் தரும் பதில்.

1978இல் எட்வர்ட் ட்ரோனிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தாய் குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருப்பாள். பிறகு சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல், பேசாமல் வெறுமனே பார்ப்பாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். பலிக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாய் எங்கும் போகவில்லை, எதிரில்தான் இருக்கிறாள். பதில் மட்டும்தான் இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2003இல் மைக்கேல் கோல்ட்ஸ்டீன் குழு செய்த சோதனை. எட்டு மாதக் குழந்தைகளின் தாய்மார் இரண்டு பிரிவு. ஒரு பிரிவினர், பிள்ளை மழலை ஒலி எழுப்பிய உடனேயே சிரித்துத் தொட்டார்கள். மறு பிரிவினரும் அதே அளவுக்குத்தான் சிரித்துத் தொட்டார்கள், ஆனால் பிள்ளையின் ஒலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத நேரத்தில். முதல் பிரிவுக் குழந்தைகளின் மழலைதான் சொல்லின் அசையைப் போலத் திருந்தியது. கொஞ்சலின் அளவில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் நேரத்தில் இருந்தது. ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதைவிட, பிள்ளை "ங்கா" என்றதும் பேச்சை நிறுத்திக் கேட்டு, பிறகு பதில் சொல்வது மேல் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

மொழியும் இப்படித்தான் ஏறுகிறது. இந்தி மொழியின் "ட", "த" ஒலிகளை வைத்து 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஆராய்ந்தார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளும் ஆறு முதல் எட்டு மாதத்தில் இரண்டையும் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் அது போய்விட்டது. நம் பிள்ளைக்குப் போகாது. "பட்டு", "பத்து" என்று நாள் முழுக்கக் காதில் விழுகிறதே. ஆனால் யார் வாயிலிருந்து விழுகிறது என்பதும் முக்கியம். 2003இல் பட்ரீஷியா கூல் குழு, அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஒன்பதாம் மாதத்தில் சீன மொழியைக் கேட்க வைத்தது. நேரில் ஒருவர் விளையாடிப் பேசியபோது அதன் ஒலிகளைக் கற்றன. அதையே காணொளியில் காட்டியபோது கற்கவில்லை. அழுகையை நிறுத்தக் கையில் செல்போனைக் கொடுக்கும் வீடுகளுக்கு இது தெரிய வேண்டும். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

கீழக்கரையில் வாப்பா துபாயிலிருந்து வீடியோ காலில் வரும் வீடுகள் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள், பதிவு செய்த காணொளியிலிருந்து கற்காத புதுச் சொற்களை நேரடி வீடியோ அழைப்பில் கற்றதாக 2014இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வாப்பா திரையில் தெரிந்தாலும், பிள்ளை கேட்டதற்கு அந்த நேரமே பதில் சொல்கிறாரே! பக்கத்தில் உம்மாவும் உட்கார்ந்து பேசினால் இன்னும் நல்லது.

இதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. விடியுமுன் பாசி எடுக்கப் போகும் அம்மாவுக்கு நேரம் எங்கே இருக்கிறது? குளிப்பாட்டும்போது "ஊத்தப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி கழித்துத் தண்ணீர் ஊற்றினால் போதும், பிள்ளை கண்ணை மூடித் தயாராகப் பழகும். மீன் ஆயும்போது அது எந்த மீனைப் பார்க்கிறதோ அதன் பேரைச் சொல்லுங்கள்: "சூடையைப் பாக்குறியா? ஆமா, அது சூடை." நாம் காட்டுவதைப் பார்க்கச் சொல்வதைவிட, அது பார்ப்பதற்குப் பேர் சொல்லும்போது சொல் சீக்கிரம் ஒட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு அப்பாக்கள் கரையில்தான் இருப்பார்கள். படகு மராமத்து போக மிச்ச நேரத்தில் நண்டு அவர்கள் கையிலும் ஊரட்டும்.

விளையாட்டுச் சாமானுக்குச் செலவு வேண்டாம். பனையோலைக் கிலுக்கு அருமையான பொருள், முடைச்சல் பிரிந்து உள்ளிருக்கும் கல் வெளியே வராதா என்று மட்டும் பாருங்கள். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும் வயதில் சோவியும் சிப்பியும் தொண்டையில் அடைக்கும். நடைவண்டியில் சக்கரத்தோடு உட்கார வைக்கும் வகையை 2004இல் கனடா தடையே செய்துவிட்டது. அதற்குப் பதில் விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்துகொண்டு பாயில் குப்புறப் போடுங்கள், கழுத்தும் தோளும் உரமேறும்.

ஜமைக்காவில் 1980களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் போனார்கள். வீட்டில் கிடைக்கும் பொருளில் செய்த சாமான்களை வைத்துத் தாயும் பிள்ளையும் விளையாடப் பழக்கினார்கள், அவ்வளவுதான். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் அந்த உதவி கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம்.

களைத்துப்போன தாய் ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல முடியாது, தேவையும் இல்லை. நல்ல உறவிலும் தாயும் சேயும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒத்துப்போகிறார்கள் என்று ட்ரோனிக்கே கண்டார். விட்டுப்போனதைப் பிறகு சேர்த்துக்கொள்வதும் பிள்ளைக்குப் பாடம்தான். ஆனால் பிள்ளை பெற்ற பிறகு வாரக்கணக்கில் மனம் வாடி, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காத பிள்ளை, ஒரு வயதாகியும் பேர் சொன்னால் திரும்பாத பிள்ளை, வந்த மழலை நின்றுபோன பிள்ளை, இவர்களை "தானா வந்துரும்" என்று வைத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.