ஓடுகிற தரவுத்தளத்தை இடிக்காமல் கருவியைப் புதுப்பிப்பது எப்படி?

மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒரு நூலகத்தை, அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பை, புதிய பதிப்புக்கு மாற்றுவது அன்றாட வேலை. பதிப்பு எண்ணை மாற்றுவார்கள், சோதனைகளை ஓட்டுவார்கள், ஏதாவது உடைந்தால் பழைய எண்ணுக்கே திரும்பிவிடுவார்கள். சர்வர்களையும் தரவுத்தளங்களையும் இணையம் வழியாக வாடகைக்குத் தரும் அமேசான் வெப் சர்வீசஸின் கிளவுட் டெவலப்மென்ட் கிட், சுருக்கமாக சிடிகே, இந்தக் கணக்கில் அடங்காது. கவனமில்லாமல் செய்யப்பட்ட ஒரு புதுப்பிப்பு, நிரலில் ஒரு பிழைகூடக் காட்டாமல், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் காலியான ஒன்றை வைத்துவிடக்கூடும். பதறிப்போய்ப் பழைய எண்ணுக்குத் திரும்பினால், இன்னொரு காலித் தரவுத்தளம்தான் பிறக்கும்.

இந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, சிடிகே உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2011 முதல் அமேசானிடம் கிளவுட்ஃபார்மேஷன் என்ற சேவை இருக்கிறது. எந்த சர்வர் வேண்டும், எந்தத் தரவுத்தளம் வேண்டும், எது எதோடு பேச வேண்டும் என்பதையெல்லாம் ஜேசான் அல்லது யாமல் என்ற உரை வடிவில் ஒரு வார்ப்புருவாக எழுதிக் கொடுத்தால், அது கட்டித் தரும். எழுதுவதுதான் தண்டனை. சாதாரண இணையச் செயலிக்கே வார்ப்புரு பக்கம் பக்கமாக நீளும். 2019 ஜூலையில் டைப்ஸ்கிரிப்ட், பைத்தான் மொழிகளுக்காகப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த சிடிகே, கிளவுட்ஃபார்மேஷனை அகற்றவில்லை. அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நீங்கள் எழுதிய நிரல் ஓடும்போது கிளவுடில் எதுவும் கட்டப்படுவதில்லை. அது ஒரு வார்ப்புருவை எழுதி வைத்துவிட்டு நின்றுவிடும். பிறகு கிளவுட்ஃபார்மேஷன் அதைக் கையில் எடுத்து, கடந்த முறை தந்த வார்ப்புருவோடு ஒப்பிட்டு, எதை உருவாக்குவது, எதை மாற்றுவது, எதை நீக்குவது என்று முடிவு செய்யும்.

நிரலில் கையாளும் துண்டுகளுக்குக் கன்ஸ்ட்ரக்ட் என்று பெயர். அடித்தட்டில் இருப்பவை கிளவுட்ஃபார்மேஷனின் விவரக்குறிப்பிலிருந்து தானாக உருவாக்கப்பட்டவை. ஒன்றுக்கு ஒன்று, எந்த அறிவும் சேர்க்கப்படாதவை. அதற்கு மேல் தட்டில் மனிதர்கள் யோசித்து எழுதியவை இருக்கின்றன. அங்கே விபிசி (கிளவுடில் உங்களுக்கென ஒரு தனி வலையமைப்பு) என்று ஒரே வரி எழுதினால் துணை வலையமைப்புகள், வழித்தட அட்டவணைகள், இணைய வாசல், உள்ளிருக்கும் சர்வர்கள் வெளி இணையத்தை அணுக உதவும் நாட் கேட்வேக்கள் என்று ஒரு படையே வந்து நிற்கும். நாட் கேட்வேக்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டு என்பதைப் பலர் மாதக் கடைசியில்தான் அறிகிறார்கள்.

நிரல் ஓடும் நேரத்தில் தரவுத்தளம் இன்னும் பிறக்கவே இல்லை. ஆனால் அதன் முகவரியை இன்னொரு துண்டுக்குக் கொடுத்தாக வேண்டும். இதற்கு சிடிகே கையாளும் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. முகவரிக்குப் பதிலாக டோக்கன் என்ற போலிச் சரத்தை (எழுத்துத் தொடரை) தந்துவிடுகிறது. நிரல் அதை உண்மையான சரம் என்று நம்பி ஒட்டலாம், நீட்டலாம். வார்ப்புரு எழுதும் கடைசி நிமிடத்தில் அந்தப் போலியைக் கண்டுபிடித்து, ‘இந்தத் தரவுத்தளத்தின் முகவரி எதுவோ அது’ என்ற குறிப்பாக மாற்றிவிடுகிறது. எண் தேவைப்படும் இடத்தில் சரத்தை வைக்க முடியாது. ஆகவே அங்கே நம்ப முடியாத அளவு பெரிய ஓர் எதிர்மறை எண்ணை வைக்கிறது. பிழை தேடும்போது போர்ட் எண்ணாக அது திரையில் வந்து நின்றால், முதல் முறை பார்ப்பவர் திகைத்துப்போவார்.

இனி அடையாளத்துக்கு வருவோம். வார்ப்புருவில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தருக்கப் பெயர் உண்டு. நேற்றைய தரவுத்தளமும் இன்றைய தரவுத்தளமும் ஒன்றே என்று கிளவுட்ஃபார்மேஷன் அறிவது அந்தப் பெயரை வைத்துத்தான். சிடிகே அதை நிரலின் மர அமைப்பிலிருந்து தயாரிக்கிறது. எந்தக் கன்ஸ்ட்ரக்டுக்குள் எது இருக்கிறது என்ற பாதையை ஒட்டி எழுதி, பின்னால் அந்தப் பாதையிலிருந்து கணக்கிட்ட எட்டு எழுத்து ஹாஷை, அதாவது பாதை மாறினால் தானும் மாறும் ஒரு கைரேகையை, சேர்க்கிறது. நிரலை அழகாக்கலாமே என்று தரவுத்தளத்தை ஒரு புதிய வகுப்புக்குள் நகர்த்தினால், பாதை மாறும், பெயர் மாறும். கதவு எண்ணை மாற்றியதற்கு, பழைய வீடு போய்விட்டது என்று முடிவு செய்து புல்டோசர் அனுப்பும் நகராட்சியைப் போலத்தான் கிளவுட்ஃபார்மேஷன் நடந்துகொள்ளும். புதியதைக் கட்டும், பழையதை நீக்கும். சிடிகே இதற்குச் சில தடுப்புகள் வைத்திருக்கிறது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3 பக்கெட் என்றால் இயல்பாக அழிக்காமல் விட்டுவிடும். அமேசானின் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் உள்ள தரவுத்தளம் என்றால் நீக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைக்கும். ஆனாலும் செயலி பேசிக்கொண்டிருப்பது காலியான புதியதோடு.

பயனருக்கு உள்ள இதே ஆபத்து சிடிகேயை உருவாக்குபவர்களுக்கும் உண்டு, பல மடங்காக. ஆர்டிஎஸ் தரவுத்தளக் கொத்தின் (சேர்ந்து இயங்கும் தரவுத்தள சர்வர்களின் தொகுப்பு) பெயரை நீங்கள் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாகக் கொடுத்தாலும், அந்தச் சேவை எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கியே வைத்துக்கொள்ளும். முதலில் சிடிகேக்கு இது தெரியாது. நீங்கள் கொடுத்த பெயரையே பிற இடங்களில் பயன்படுத்தியதால் சில சமயம் இணைப்பு தவறியது. திருத்துவது சுலபம்: பெயரைச் சிறிய எழுத்தாக்கினால் போதும். ஆனால் அதை எல்லோருக்கும் அனுப்பினால், ஏற்கெனவே ஓடும் கொத்துகளின் பெயர் மாறியதாகக் கிளவுட்ஃபார்மேஷன் எடுத்துக்கொள்ளும். பெயர் மாற்றம் என்றால் அதன் அகராதியில் புதிதாகக் கட்டு, பழையதை நீக்கு.

ஆகவே அந்தத் திருத்தம் ஒரு சுவிட்சுக்குப் பின்னால் வைக்கப்பட்டது. இவற்றை ஃபீச்சர் ஃபிளாக் என்பார்கள். புதிதாகத் தொடங்கும் திட்டத்தின் அமைப்புக் கோப்பில் அவை போடப்பட்டே வரும்; பழைய திட்டத்தில் இல்லாததால் பழைய நடத்தையே தொடரும். ஒரே பதிப்பு, ஒரே நிரல், இரண்டு திட்டங்களில் இரண்டு விளைவு. குழப்பம்தான். ஆனால் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

2021 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு முக்கியமாகத் தீர்த்தது வேறொரு தலைவலியை. முதல் பதிப்பில் ஒவ்வொரு சேவைக்கும் தனி நூலகம். எல்லாவற்றின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் புரியாத பிழைகள் கிளம்பும். இரண்டாம் பதிப்பு அவற்றை ஒரே நூலகமாக்கியது. இன்னும் முதிராதவற்றை ‘ஆல்ஃபா’ என்று வெளிப்படையாகப் பெயரிட்டுத் தனியே பிரித்தது. முதல் பதிப்புக்கான ஆதரவு 2023 ஜூனில் முடிந்தது. 2025-இல் கட்டளைக் கருவியும் நூலகமும் தனித்தனி எண் வரிசைக்குப் போயின. கருவியின் எண் திடீரென்று 2.1000.0 என்று தாவியதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

அதைவிடப் பயனுள்ள மாற்றமும் அதே ஆண்டு வந்தது. இருக்கும் பொருளை இடிக்காமல் அதன் தருக்கப் பெயரை மாற்றவும், வேறு அடுக்குக்கு (ஒரே வார்ப்புருவிலிருந்து கட்டப்பட்ட பொருள்களின் தொகுப்பு) நகர்த்தவும் கிளவுட்ஃபார்மேஷன் கற்றுக்கொண்டது. அதன்மேல் சிடிகே ‘ரீஃபேக்டர்’ என்ற கட்டளையை அமைத்தது. பழைய, புதிய வார்ப்புருக்கள் இரண்டையும் ஒப்பிட்டு, பெயர் மட்டும் மாறி உள்ளடக்கம் மாறாத பொருள்களை அது ஜோடி சேர்க்கிறது. நகர்த்துவதோடு வேறு மாற்றம் எதையும் அதே நேரத்தில் கலக்கக்கூடாது என்பது நிபந்தனை. எல்லா வகையிலும் ஒன்றுபோல இருக்கும் இரண்டு செய்தி வரிசைகளை (queue) ஒரே நேரத்தில் நகர்த்தினால், எது எதுவாயிற்று என்று அதனால் சொல்ல முடியாது. அப்போது அது ஊகிக்காமல் நின்று, ஜோடியை நீங்களே எழுதித் தரும்படி கேட்கிறது.