எடிட்டருக்குள் இணையம்: நடுவில் சுவர் இல்லை

சர்வர் நிர்வாகம் என் தொழில். வேலை நேரத்தில் பாதி ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டருக்குள்தான் போகிறது. ஏதாவது ஆவணம் படிக்க வேண்டுமென்றாலும் அங்கேயே ஈடபிள்யூடபிள்யூ உலாவியைத் திறந்துகொள்வேன். 2014-ல் வந்த 24.4 பதிப்பிலிருந்து அது ஈமேக்ஸுடன் சேர்ந்தே வருகிறது. பக்கங்களோடு வரும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் அதில் ஓடாது என்பதால் மேலே வந்து மறைக்கும் விளம்பரமோ, தானாகப் பேச ஆரம்பிக்கும் வீடியோவோ கிடையாது. பெரிய ஆர் எழுத்தை அழுத்தினால் மெனுவெல்லாம் போய் கட்டுரை மட்டும் நிற்கும். கண்ணுக்கு அவ்வளவு நிம்மதி!

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைக் காட்டினால், "ஜாவாஸ்கிரிப்டே இல்லையே, அப்போ குரோமைவிட இதுதானே சார் பாதுகாப்பு?" என்பார்கள். விளம்பரக் கண்காணிப்பைப் பொறுத்தவரை ஓரளவு சரி. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

குரோமும் ஃபயர்பாக்ஸும் இணையப் பக்கத்தைத் தனிப் புராசஸில், சாண்ட்பாக்ஸுக்குள் அடைத்து வைக்கின்றன. உலாவியில் ஓட்டை இருந்தாலும் உங்கள் ஃபைல்களைத் தொட இன்னொரு தடையைத் தாண்ட வேண்டும். ஈமேக்ஸில் அந்தத் தடை இல்லை. முன்பின் தெரியாத தளத்தின் பக்கத்தைப் பிரித்துப் படிப்பதும், டிராம்ப் (தொலைவில் உள்ள கணினியின் ஃபைல்களை ஈமேக்ஸிலேயே திறக்க உதவும் வசதி) வழியாக சர்வரில் திறந்து வைத்திருக்கும் கான்ஃபிக் ஃபைலை வைத்திருப்பதும் ஒரே புராசஸ்தான். உங்கள் யூசருக்குள்ள உரிமை முழுவதும் அதற்கு உண்டு.

2025 பிப்ரவரியில் வந்த 30.1 பதிப்பு அடைத்த ஓட்டைகளில் ஒன்று சி.வி.இ-2025-1244 (பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது அடையாள எண்). மேன் பக்கங்களை, அதாவது கட்டளைகளுக்கான கையேட்டை, காட்டும் பகுதியில் இருந்த பிழை அது. கெட்ட எண்ணத்தோடு அமைத்த தளம் ஒன்று, 'மேன்' என்று தொடங்கும் முகவரிக்கு உங்களைத் திருப்பிவிட்டு, அதில் ஒளித்து வைத்த ஷெல் கட்டளையை உங்கள் கணினியில் ஓட்ட முடிந்தது. இதில் ஜாவாஸ்கிரிப்டுக்கு வேலையே இல்லை.

உலாவி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். எடிட்டரை யார் புதுப்பிக்கிறோம்? வருடக்கணக்கில் ஒரே பதிப்பை வைத்திருப்பதை ஒரு பெருமையாகவே சொல்பவர்கள் உண்டு. டெபியன் லினக்ஸின் தொகுப்பாக நிறுவியிருந்தால், பதிப்பெண் பழையதாகவே இருந்தாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேரும். அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். சோர்ஸை இறக்கி நீங்களே கம்பைல் செய்தது என்றால் அது முழுக்க உங்கள் பொறுப்பு.

அப்புறம், படங்கள். வேவு பார்க்க வைத்திருக்கும் படத்தையும் ஈடபிள்யூடபிள்யூ போய் எடுத்து வரும். உங்கள் ஐபி முகவரி அந்த சர்வரில் பதிவாகிவிடும். குக்கீயும் ஏற்கும். நான் படங்களை அமைப்பிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன், ஆவணம் படிக்க அவை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

லாகின், பணப் பரிமாற்றம் எதுவானாலும் & விசையை அழுத்துங்கள், பக்கம் வெளி உலாவிக்குப் போய்விடும். ரூட் யூசராக, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு, திறந்த ஈமேக்ஸில் மட்டும் எந்த இணைப்பையும் தொடாதீர்கள், அது எவ்வளவு நம்பகமான தளமாக இருந்தாலும் சரி.