‘பப்’: பொருளும் தமிழ்ச் சொல்லும்

‘பப்’ என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்னும் ஆங்கிலத் தொடரின் குறுக்கம். எவரும் நுழைந்து காசு கொடுத்துக் குடிக்கலாம் என்று அரசு உரிமம் வழங்கிய வீடு என்பதே அதன் பொருள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மது விற்க உரிமம் கேட்பவர் வழிப்போக்கர் தங்குவதற்கு அறைகளும் வைத்திருக்க வேண்டும் என்று அக்காலச் சட்டம் விதித்ததால், அங்கே பெயர்ப்பலகைகளில் ‘ஹோட்டல்’ என்றே எழுதினார்கள். நமக்கோ ஹோட்டல் என்றால் இட்லியும் சாம்பாரும்தான். மொழிபெயர்ப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

சிட்னி துறைமுகக் கரையிலுள்ள பால்மெய்னில் 1855இல் மோர்ட் கப்பல் பழுதுபார்ப்புத் துறை திறக்கப்பட்டபின், அங்கு வேலைக்கு வந்த கொல்லர்களையும் கொதிகலன் செய்வோரையும் நம்பித் தெருமுனைகளில் இத்தகைய விடுதிகள் பெருகின. இரு தெருக்களிலிருந்தும் ஆள் நுழைய வசதியாகக் கட்டடத்தின் மூலையைச் சாய்வாக வெட்டி, அங்கே வாசல் வைப்பது வழக்கம். 1916 முதல் 1955 வரை மாலை 6 மணிக்கே கடையை மூட வேண்டியிருந்தமையால், வேலை விட்டதும் ஓடிவந்தவர்கள் கிடைத்த சிறுபொழுதுக்குள் முண்டியடித்துக் குடித்தார்கள். விடுதிச் சுவர்களில் பளபளப்பான ஓடுகளைப் பதித்தது அழகுக்காக மட்டுமன்று, கழுவிவிட எளிது என்பதற்காகவும்தான். 1959இல் மோர்ட் கப்பல் துறை மூடப்பட்டது. இன்று அவ்வூரில் வீடுகளாக மாறிவிட்ட பழைய விடுதிகள் சிலவற்றை அந்த மூலை வாசலே காட்டிக்கொடுக்கிறது.

‘பப்’ என்பதற்கு ஈடாகத் தமிழில் மதுக்கூடம், மதுச்சாலை, மதுவிடுதி எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற ‘தவறணை’ உண்டு; ஆனால் அது கள்ளையும் சாராயத்தையுமே நினைவூட்டும். காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தைப் பாடும் பட்டினப்பாலை, கள் விற்கும் கொடி பறக்கும் இடத்தைப் ‘பலர்புகு மனை’ என்கிறது. ஆங்கிலத் தொடருக்கு இத்தனை நெருக்கமான தமிழ் வேறில்லை என்றாலும், இன்றைய வாசகருக்கு அது உரையின்றி விளங்காது.

தங்கும் அறைகளும் சேர்ந்த சிட்னிக் கட்டடங்களுக்கு ‘மதுவிடுதி’ என்பதே பொருந்தும். அறைகளற்ற இங்கிலாந்துக் கடைக்கு ‘மதுக்கூடம்’ போதும். உரிமம் போய்க் கட்டடம் மட்டும் நிற்பதை ‘முன்னாள் மதுவிடுதி’ என்று எழுதுவது நல்லது. ‘பழைய மதுவிடுதி’ என்றால், இன்னும் நடந்துவரும் பழங்கடை என்றும் கொள்ள இடமுண்டு.