எக்சிட் போர்டின் எம்சிபியை இரவில் இறக்காதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு நான்கு மாடித் துணிக்கடை. கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது, எங்கே குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்லச் சொல்லி முதலாளி கூப்பிட்டிருந்தார். ஏசி, லிஃப்ட் எல்லாம் பார்த்து முடித்து மாடிப்படிப் பக்கம் வந்தபோது வெளியேறும் வழியைக் காட்டும் எக்சிட் போர்டின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். அழுத்தினால் போர்டு பேட்டரியில் எரிய வேண்டும். ஆனால் பச்சை வெளிச்சம் பட்டென்று அணைந்துபோனது. மற்ற மாடிகளிலும் இதே நிலைதான். ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் நிக்கல் காட்மியம் பேட்டரியின் முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

விசாரித்ததில் காரணம் தெரிந்தது. கடை சாத்தும்போது இந்தப் போர்டுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் எம்சிபி சுவிட்சையும் சேர்த்து இறக்கிவிடுகிறார்கள். "ஆளே இல்லாத கடையில அது எதுக்கு சார் எரியணும்?" என்றார் வாட்ச்மேன் அண்ணன். கேள்வி நியாயமானதுதான், ஆனால் சப்ளை நின்றால் போர்டு அதைக் கரண்ட் கட் என்றுதான் எடுத்துக்கொண்டு பேட்டரியில் எரியும். ஆக, தினமும் ராத்திரி பேட்டரி முழுசாகக் காலியாகி, பகலெல்லாம் திரும்ப சார்ஜ் ஆகி, வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியது சீக்கிரமே செத்துவிடுகிறது. மிச்சம் பிடிக்கப்போய், ஆபத்துக்கு உதவ வேண்டியதை நாமே கொன்றுவிடுகிறோம்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் போர்டின் உள்ளேதான் இருக்கிறது. எக்சிட் போர்டு வருஷத்துக்கு 8,760 மணி நேரம் எரிகிற சாமான். அந்தக் கடையில் இருந்தவை 8 வாட் டியூப் போட்ட பழைய மாடல், சோக்கையும் சேர்த்தால் 11 வாட் இழுக்கும். 3 வாட் எல்இடி போர்டாக மாற்றினால் ஒரு போர்டுக்கு வருஷத்தில் 70 யூனிட் மிச்சம். அங்கே மொத்தம் 22 போர்டு, அதாவது 1,540 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 15,400 ரூபாய் ஆகிறது.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எல்இடி வாட்டை நம்பாதீர்கள், போர்டின் பின்பக்க லேபிளில் இன்புட் வாட் எவ்வளவு என்று பாருங்கள். சில போர்டுகளில் விளக்கு எடுப்பதைவிட பேட்டரியை ஓயாமல் சார்ஜ் செய்யும் சர்க்யூட்டே அதிகம் எடுக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி நிறைந்ததும் சார்ஜிங்கை நிறுத்திக்கொள்ளும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். பேக்கப் குறைந்தது ஒன்றரை மணி நேரம் வேண்டும், தேசிய கட்டட விதித்தொகுப்பு கேட்பதும் அதைத்தான். அப்புறம் இன்னொன்று, பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானே துண்டித்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனதே, இந்த வசதி இல்லாத பேட்டரிகள் அந்த மாதிரி நேரத்தில் அடிவரை காலியாகி, கரண்ட் வந்த பிறகும் எழுந்திருப்பதில்லை.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக்காற்று சர்க்யூட் போர்டை அரித்துவிடும், அங்கெல்லாம் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 மூடி உள்ளது வேண்டும். மொட்டைமாடித் தகரக் கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங்குக்குள் பேட்டரியை வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் அந்த இடம் அடுப்பு மாதிரி ஆகிவிடும்.

கரண்டே வேண்டாம், இருட்டில் தானே ஒளிரும் ஸ்டிக்கர் போதும் என்று சிலர் சொல்வார்கள். நல்ல சாமான்தான். ஆனால் அது விளக்கு வெளிச்சத்தைக் குடித்துத்தான் ஒளிரும். ஆள் வந்தால் மட்டும் எரிகிற சென்சார் லைட் போட்ட படிக்கட்டில் அதற்குப் போதிய வெளிச்சம் கிடைக்காது, தேவைப்படும்போது மங்கித்தான் தெரியும்.

எழுத்து மட்டும் உள்ள போர்டைவிட, கதவை நோக்கி ஓடும் மனிதன் படம் உள்ளதை எடுங்கள். நம் பட்டறைகளிலும் கடைகளிலும் தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுகிறவர்கள் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், புகை சூழ்ந்த நேரத்தில் யார் நின்று ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கப்போகிறார்கள்?

அந்தத் துணிக்கடையில் 22 போர்டையும் மாற்றினோம். அந்த எம்சிபியின் மேல் சிவப்பு டேப் ஒட்டி "இறக்கக் கூடாது" என்று எழுதிவைத்தேன். போன மாதம் கடை சாத்திய பிறகு, இரவு 9.10-க்கு மெயினை இறக்கிவிட்டு வாட்ச்மேன் அண்ணனும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். 10.40-க்கு மாடி மாடியாக ஏறிப் பார்த்தபோது 21 எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் மாடி ட்ரயல் ரூம் பக்கத்தில் ஒன்று மட்டும் அணைந்திருந்தது. அதை மறுநாளே மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.